மூக்குக்கு இரண்டு மார்க்

எட்டாம் வகுப்புப் பிள்ளைகள் அத்தனை பேரும் ஒரே திங்கட்கிழமை காலையில் மூக்கை மறந்துபோனார்கள். முகத்து மூக்கை அல்ல, கரையின் மூக்கை. ஆறு கடலில் சேருகிற இடத்தில் நிலம் கொஞ்ச தூரம் வெளியே நீட்டிக்கொண்டிருக்கும். அதற்கு அரசாங்கத்துக் காகிதத்தில் வேறு பெயர் உண்டு, ஆனால் அந்தப் பெயரைச் சொல்லி டிக்கெட் கேட்டால் பஸ் கண்டக்டர் விழிப்பார். மூக்கு என்று சொன்னால்தான் கிழித்துக் கொடுப்பார். அந்த மூக்கை அன்றைக்கு ஒரு பிள்ளையும் வரையவில்லை. நெற்றியிலிருந்து இறங்கிய பென்சில் கோடு, மூக்கு இருக்க வேண்டிய இடத்தில் நிற்காமல், வழுக்கிக்கொண்டு உதட்டுக்குப் போய்விட்டது.

இது காப்பியடித்த கேஸ் என்றுதான் பூகோளம் டீச்சர் முதலில் நினைத்தாள். புத்தக அட்டையில் புவியியல் என்று மாறி எத்தனையோ வருஷமாகியும் அவளுக்குப் பூகோளம் என்ற பெயரே நின்றுவிட்டது. திங்கட்கிழமை முதல் பீரியடில் புத்தகத்தை மூடி வைத்துவிட்டு, வெறும் தாளில், மனப்பாடமாகக் கரையை வரைய வேண்டும் என்பது அவள் வகுப்பின் சட்டம். கடையில் விற்கிற அச்சடித்த படத்தை அவள் கையால் தொட மாட்டாள். "கண்ணு பாத்தது மறந்துபோகும், கை போன வழி மறக்காது" என்பாள். படத்துக்குப் பத்து மார்க், அதில் மூக்குக்கு மட்டும் இரண்டு. அவ்வளவு பெரிய கரையில் அந்தத் துக்கடா நிலத்துக்கு ஏன் இரண்டு மார்க் என்று கேட்டால், மூக்கு இல்லாத முகம் ஒரு முகமா என்று பதில் வரும். அவள் பிறந்த இடம் அதுதான் என்பது எல்லாருக்கும் தெரியும். காக்கைக்கும் தன் குஞ்சு பொன் குஞ்சு என்று மற்ற ஆசிரியர்கள் டீ குடிக்கிற நேரத்தில் சாடையாகச் சொல்லிச் சிரித்துக்கொள்வார்கள்.

பிள்ளைகளைத் தள்ளித் தள்ளி உட்கார வைத்து மறுபடி வரையச் சொன்னாள். மறுபடியும் மூக்கு வரவில்லை. இடக்கைக்காரப் பையன் படத்திலும் இல்லை, எந்தப் பாடத்திலும் எவனைப் பார்த்தும் எழுதத் தெரியாத கடைசி பெஞ்சுக்காரன் படத்திலும் இல்லை. அவளால் நம்பவே முடியாதது தம்பி மகளின் படம்தான். அவள் வாரநாளில் டீச்சர் வீட்டில் தங்கிப் படிக்கிறவள், சனி ஞாயிறு மூக்கில் அப்பா அம்மாவோடு இருந்துவிட்டு அன்று காலை முதல் பஸ்ஸில்தான் வந்திருந்தாள். ஷூவுக்குள் இன்னும் அந்த மணல் இருந்தது. அவள் படத்திலும் கரை மொழுக்கென்று இருந்தது.

"ஏண்டி, நேத்து எங்க படுத்துத் தூங்குன? ஆகாசத்துலயா?"

"இடம் எனக்குத் தெரியுது அத்தை. கைதான் அந்தப் பக்கம் போகமாட்டேங்குது."

வகுப்பில் அவளை டீச்சர் என்றுதான் கூப்பிட வேண்டும். அத்தை என்று வாய்தவறி வந்ததற்குப் பிள்ளைகள் கொல்லென்று சிரித்தார்கள். சொன்ன விஷயத்துக்கு யாரும் சிரிக்கவில்லை. டீச்சர் வேண்டியவர், வேண்டாதவர் பார்க்காமல் எல்லாருக்கும் இரண்டு மார்க் குறைத்தாள். பிறகு மதிய இடைவேளையில் உட்கார்ந்து, ஒவ்வொரு தாளிலும் சிவப்புப் பேனாவால் மூக்கை வரைந்து சேர்த்தாள். தப்பைச் சும்மா சுழித்துவிட்டுப் போவது அவளுக்குப் பிடிக்காது, சரியானதைப் பக்கத்தில் போட்டுக் காட்ட வேண்டும்.

அன்று சாயங்காலம் தம்பி போன் செய்தான். மூக்கில் படகு இன்ஜின் பழுதுபார்க்கிற பட்டறை அவனுடையது, கீழே பட்டறை, மாடியில் வீடு. காலையிலிருந்து காற்றும் இல்லை மழையும் இல்லை, பட்டறைக்குள் முழங்கால் அளவு கடல் வந்து நின்றது, இன்ஜின்களையெல்லாம் மேஜைமேல் தூக்கி வைத்து முதுகு ஒடிந்துபோயிற்று, மதியத்துக்குமேல் தொட்டியின் அடைப்பைப் பிடுங்கின மாதிரி தானாக வடிந்துவிட்டது என்றான். அப்படியா, துணியெல்லாம் காயப் போடு என்று சொல்லி அவள் வைத்துவிட்டாள். இரண்டையும் சேர்த்துப் பார்க்க அவளுக்கு அப்போது தோன்றவில்லை. அடுத்தடுத்த திங்கட்கிழமைகளிலும் படத்தில் மூக்கு வரவில்லை, பட்டறைக்குள் தண்ணீர் வந்து மதியத்துக்குமேல் வடிந்தது.

சேர்த்துப் பார்த்தவள் தம்பி பெண்டாட்டி. டீச்சர் காய்ச்சலில் படுத்து ஒரு வாரம் தாள் திருத்தாமல் விட்டபோது மூக்கில் ஒரு வாரம் தண்ணீர் வடியவில்லை. எழுந்து உட்கார்ந்து திருத்திய அன்று வடிந்தது. அதற்குப் பிறகு ஒவ்வொரு திங்களும் மதியம் தம்பி பெண்டாட்டியின் போன் வரும். "அக்கா, அந்தப் படத்தையெல்லாம் திருத்திட்டீங்களா?" என்று, பால் வாங்கியாச்சா என்று கேட்கிற குரலில் கேட்பாள். செய்தி ஊர் முழுக்கப் பரவ ரொம்ப நாள் ஆகவில்லை. மூக்குக்காரர்கள் பஸ்ஸில் மீன் கொடுத்தனுப்ப ஆரம்பித்தார்கள். பள்ளிக்கூடத்துப் பூனை நடக்க முடியாத அளவுக்குக் கொழுத்தது. திங்கட்கிழமைப் படம் வீண் வேலை என்று வருஷக்கணக்காக முணுமுணுத்த தலைமை ஆசிரியர், ஆறாம் வகுப்பும் ஏழாம் வகுப்பும்கூட வரையட்டும் டீச்சர், கூடக் கொஞ்சம் பலமாக இருக்கும் என்றார். கோடை விடுமுறையில் பிஸ்கட் கொடுத்துப் பிள்ளைகளை வீட்டுக்கு வரவழைத்து அவள் வரைய வைத்தாள்.

டீச்சருக்குச் சந்தோஷம் பிடிபடவில்லை. வேலை கிடைத்ததும் மூக்கைவிட்டு வந்தவள் அவள். அம்மா படுக்கையில் கிடந்த மாதங்களில் மலம் மூத்திரம் அள்ளியது தம்பியும் அவன் பெண்டாட்டியும்தான். கடைசி மூச்சுக்கும் அவள் போய்ச் சேரவில்லை, அன்றைக்குப் பரீட்சை மேற்பார்வை. மூக்கின் நுனியில், கடலைப் பார்த்த மண்ணில் அம்மாவைப் புதைத்த பிறகுதான் பஸ் கிடைத்தது. தம்பி அதை ஒரு நாளும் சொல்லிக் காட்டியதில்லை, அதுதான் அவளைத் தின்றது. இப்போது அவனுக்குச் செய்ய ஒன்று கிடைத்துவிட்டது. நான் இருக்கேன்டா, நீ எங்கயும் போக வேண்டாம் என்று அவள் போனில் சொன்னாள்.

அவள் சொன்னதை அவன் அப்படியே பிடித்துக்கொண்டான். மறுகுடியேற்ற அலுவலகத்திலிருந்து ஒரு குமாஸ்தா குடையும் முத்திரையுமாக மூக்குக்கு வந்தார். கல்குவாரிக்குப் பின்னால் மேட்டில் வீட்டுக்கு ஒரு மனை, கையெழுத்துப் போட்டால் போதும் என்றார். ஜனங்கள் அவருக்கு நாற்காலி போட்டு உட்கார வைத்து, டீ கொடுத்து, மரியாதையாகத் திருப்பி அனுப்பினார்கள். "எங்கக்கா கையில பேனா இருக்கிற வரைக்கும் கடலு ஒண்ணும் கிழிக்க முடியாது சார்" என்று தம்பி வழியனுப்பிவிட்டு வந்தான். குமாஸ்தா வருஷத்துக்கு ஒரு முறை வந்தார், வருஷத்துக்கு ஒரு முறை டீ குடித்துவிட்டுப் போனார்.

இதற்கு நடுவில் பாடமும் நடந்துகொண்டுதான் இருந்தது. புகையும் பனியும் கடலும் என்ற பாடத்தை அவள் மாதிரி நடத்த ஆளில்லை. தட்டில் தண்ணீர் ஊற்றி, நடுவில் ஒரு கல்லை வைத்து, கல்லின்மேல் பனிக்கட்டியை வைப்பாள். மிதக்கிற பனி உருகினால் தண்ணீர் மட்டம் ஏறாது, தரைமேல் கிடக்கிற பனி உருகினால்தான் ஏறும், அதற்காகத்தான் கல். தட்டோரத்தில் தீப்பெட்டியால் ஒரு வீடு. எங்கோ ஒரு தேசத்துத் தொழிற்சாலைப் புகை வேறெங்கோ இருக்கிற பனியை உருக்கி, இரண்டையும் பார்த்தே இராத ஒருவன் வாசலுக்குத் தண்ணீரைக் கொண்டுவருகிறது என்று அவள் சொல்லி முடிக்கும்போது தீப்பெட்டி நனைந்து சரியும். ஒரு வருஷம் ஒரு பெண் எழுந்து, "டீச்சர், கடல் ஏறும்னு நீங்கதான் சொல்றீங்க. அப்ப எங்க படம் எப்படித் தப்பாகும்?" என்று கேட்டாள். அதிகப்பிரசங்கி, உட்காரு என்று டீச்சர் சொன்னாள். ஊருக்குத்தான் உபதேசம் என்பது அவளுக்கே உறைத்தது. அந்தப் பெண்ணின் முகத்தை அந்த வாரம் முழுக்க அவளால் நேராகப் பார்க்க முடியவில்லை.

வருஷங்கள் போயின. தம்பி மகள் பள்ளி முடித்து, நர்ஸ் வேலை கற்க வெளியூர் போனாள். டீச்சரின் வலது மணிக்கட்டு வீங்கியது, எந்த டாக்டருக்கும் காரணம் தெரியவில்லை. கட்டுத் துணி சாயங்காலத்தில் ஈரமாக இருக்கும், பிழிந்தால் உப்புத் தண்ணீர் சொட்டும். மூக்கும் பழைய மூக்காக இல்லை. அவள் போட்டது ஓரக்கோடுதானே, கடல் கோட்டை மதித்தது, கோட்டுக்கு உள்ளே இருந்ததை மதிக்கவில்லை. கொஞ்சம் கொஞ்சமாக உள்ளே தண்ணீர் நிறைந்து, சுற்றிவரக் கோடு மட்டும் நிலமாக நின்றது. உள்ளேயும் சிவப்பைத் தீற்றிப் பார்த்தாள், தாள்தான் கிழிந்தது. முதலில் கோடு ஒரு தெரு அகலம் இருந்தது, பிறகு ஒரு அறை அகலம், கடைசியில் ஒரு கட்டில் அகலம். ஜனங்கள் அதற்குத் தக்கபடி வீட்டைப் பிரித்துக் கட்டிக்கொண்டார்கள், அறைக்குப் பின் அறையாக, ரயில் பெட்டி மாதிரி. புருஷனும் பெண்டாட்டியும் ஒருவர் தலைமாட்டில் ஒருவர் காலை வைத்துத் தூங்கினார்கள். எதிரில் ஆள் வந்தால் ஒருவர் வந்த வழியே திரும்ப வேண்டும் என்பதால், ஜென்மப் பகைக்காரர்கள்கூட ஒருவரை ஒருவர் கேட்டுக்கொண்டு வெளியே கிளம்பினார்கள். கிணறுகள் கரித்துப்போயின. இதெல்லாம் பெரிய விஷயமா, வீடு இருக்கிறதே என்றார்கள்.

அந்த வருஷப் பொதுத்தேர்வு விடைத்தாள் திருத்த, பல ஊர் ஆசிரியர்களைப் பெரிய பள்ளி ஒன்றின் கூடத்தில் வரிசையாக உட்கார வைத்திருந்தார்கள். டீச்சருக்குப் பக்கத்து நாற்காலியில் உள்நாட்டு ஊர்க்காரர் ஒருவர், அவரும் பூகோளம்தான். அவர் வலது மணிக்கட்டில் ஒரு கட்டு இருந்ததற்கான வெள்ளைத் தழும்பு இருந்தது. அவர் இவள் கட்டைப் பார்த்தார், கூடத்தைச் சுற்றிக் கண்ணைக் காட்டினார். மலைப்பக்கத்திலிருந்து வந்த அம்மாள் ஒருத்தி கையிலும் கட்டு, ஆற்றுப்பக்கத்துப் பையன் ஒருவன் கையிலும் கட்டு.

"உங்களுக்குக் கடலா?" என்று அவர் கேட்டார். "எனக்கு வத்திப்போற ஏரி. பிள்ளைங்க புள்ளி மாதிரி போட்டுட்டு வரும். நான் பெரிசா வட்டம் போட்டு நீலத்தை அடிச்சு வைப்பேன். தண்ணி வரும். ஆனா குடிக்கிற தண்ணியா வரலம்மா, சும்மா நீலமா வந்துச்சு. ஏரிதான் இருக்கேன்னு ஒருத்தரும் ஊரை விட்டுக் கிளம்பல. அதையே குடிச்சாங்க."

"அப்புறம்?"

"அப்புறம் என்ன, மூணு குழந்தைங்க போனதும் பேனாவை மூடிட்டேன். முதல் குழந்தை போனப்பவே மூடியிருக்கணும்." அவர் அடுத்த விடைத்தாளை எடுத்துக்கொண்டார். டீச்சருக்கு அன்று அதற்குமேல் ஒரு தாளும் ஓடவில்லை.

பள்ளி திறந்த முதல் ஞாயிற்றுக்கிழமை அவள் மூக்குக்குப் போனாள். பஸ் கரையிலேயே நின்றுவிட்டது, அங்கிருந்து கோட்டின்மேல் நடை. தான் போட்ட கோட்டின்மேல் தானே நடந்தாள். இரண்டு பக்கமும் தண்ணீர். பேனா நடுங்கிய இடங்களில் நிலமும் நெளிந்திருந்தது, அவசரமாகத் திருத்திய இடங்களில் ஒரு பாதம் வைக்கத்தான் இடம் இருந்தது. தவழுகிற குழந்தை இருந்த வீடுகளில் குழந்தையின் இடுப்பில் கயிறு கட்டிக் கட்டில் காலில் முடிச்சுப் போட்டிருந்தார்கள். ஒரு குழந்தை கயிறு எட்டுகிற தூரம்வரை வந்து, தண்ணீருக்கு ஒரு சாண் முன்னால் நின்று, அவளைப் பார்த்துச் சிரித்தது. அவள் முடிச்சு இறுக்கமாக இருக்கிறதா என்று இழுத்துப் பார்த்துவிட்டு நடந்தாள்.

தம்பி பெண்டாட்டியின் கால்கள் உப்பில் வெடித்திருந்தன. தம்பி உற்சாகமாக இருந்தான்.

"மேட்டு மனைக்குக் கையெழுத்துப் போட்டுடுடா" என்றாள்.

"ஏன்க்கா, கை ரொம்ப வலிக்குதா? ஒரு வாரம் சும்மா இரு. முழங்காலுக்கு மேல வராது, நாங்க சமாளிச்சுக்கறோம்."

"கை வலிக்குதுன்னு சொல்லல. நான் போடற கோட்டுல மனுஷங்க குடியிருக்க முடியாதுடா."

"இருக்கோமே."

"நாளைக்கு இல்ல, அடுத்த திங்கக்கிழமை நான் திருத்த மாட்டேன். எல்லாப் பிள்ளைக்கும் முழு மார்க் போட்டுடுவேன். இப்பவே சொல்லிட்டேன்."

அவன் ஸ்பேனரைத் துடைத்துக்கொண்டே சிரித்தான். "அம்மா அங்க படுத்திருக்கா. அவ தலையில தண்ணிய ஊத்துவியா நீ? போட மாட்டக்கா."

அவள் வீடு வீடாக ஏறி இறங்கி அதையே சொன்னாள். பாதிப் பேர் நம்பவில்லை, டீச்சருக்குக் களைப்பு என்றார்கள். மீதிப் பேர் எதற்கும் இருக்கட்டும் என்று மூட்டை கட்டினார்கள். அவளே மறுகுடியேற்ற அலுவலகத்துக்குப் போய், திங்கட்கிழமை காலையில் லாரிகளைக் கரைக்கு அனுப்புங்கள் என்று குமாஸ்தாவிடம் கேட்டாள். அவர் ஏன் என்றுகூடக் கேட்காமல் உத்தரவு எழுதினார்.

திங்கட்கிழமை பிள்ளைகள் வழக்கம்போல மூக்கில்லாமல் வரைந்து கொடுத்தார்கள். டீச்சர் முதல் தாளை எடுத்துப் பத்துக்குப் பத்து போட்டாள். அடுத்ததற்கும் போட்டாள். கடைசி பெஞ்சில் ஒருவன் கைதட்டிவிட்டு, அவள் முகத்தைப் பார்த்து நிறுத்திக்கொண்டான். டீச்சர்கள் அழுது பார்த்திராத பிள்ளைகள் எங்கே பார்ப்பது என்று தெரியாமல் ஜன்னலைப் பார்த்தார்கள். அவள் கண்ணைத் துடைக்காமல் தாள்கட்டு முழுக்கப் போட்டு முடித்தாள்.

கடல் அன்று மரியாதையாகத்தான் நடந்துகொண்டது. அலை எழும்பவில்லை, சத்தமில்லை, கோடு ஓரத்திலிருந்து நனைந்து நனைந்து மெலிந்தது. ஜனங்கள் ஒருவர் பின் ஒருவராக நடந்து வந்து லாரி ஏறுவதற்கு நேரம் இருந்தது. ஒரு உயிருக்கும் சேதமில்லை. சாயங்காலம் டீச்சர் பஸ் நிலையத்தில் போய் நின்றாள், லாரிகள் அந்த வழியாகத்தான் போயாக வேண்டும். மீன் கொடுத்தனுப்பிய பெண்கள் முகத்தைத் திருப்பிக்கொண்டார்கள். ஒருத்தி காறித் துப்பினாள். தம்பி கடைசி லாரியில் இருந்தான், வெறுங்கையோடு, இடுப்புக்குக் கீழே முழுக்க ஈரமாக. அவளைப் பார்த்தான், பார்க்காத மாதிரி இருந்தான். தம்பி பெண்டாட்டி மட்டும் குனிந்து, "அக்கா, ஒரு பொருளும் எடுக்கல. நீங்க மனசு மாறுவீங்க, மாறுவீங்கன்னு கடைசி வரைக்கும் வாசல்லயே நின்னாரு" என்றாள். லாரி போய்விட்டது.

அவள் மணிக்கட்டு ஒரே வாரத்தில் குணமாகிவிட்டது. குணமானதற்காக அந்தக் கையின்மேலேயே அவளுக்கு எரிச்சல் வந்தது. மேட்டில் தம்பி தண்ணீர் மோட்டார் பழுதுபார்க்கிறான், நல்ல வேலை, பெண்டாட்டிக்குக் கால் ஆறிவிட்டது என்று தம்பி மகள் சொல்லித்தான் தெரியும். டீச்சர் போன் செய்தபோதெல்லாம் அவன் எடுக்கவில்லை. அம்மா நினைவு நாளில் செய்தாள், அன்றும் எடுக்கவில்லை. திங்கட்கிழமைகளில் பிள்ளைகள் மொழுக்கான கரையை வரைந்தார்கள், மார்க் வாங்கினார்கள். புதிதாக வந்த பிள்ளைகளுக்கு மூக்கு என்று ஒன்று இருந்ததே தெரியாது. அவளும் சொல்லவில்லை. பாடப்புத்தகம் அடுத்த பதிப்பில் திருந்தி வந்தது.

இரண்டு வருஷம் இப்படிப் போனது. ஒரு திங்கட்கிழமை தாள்களை வாங்கி முதல் படத்தைப் பார்த்ததும் அவள் நாற்காலியை இழுத்து உட்கார்ந்தாள். கரைக்கோடு இன்னும் உள்ளே வந்திருந்தது. அளவுகோலை வைத்துப் பார்த்தாள். மீன் சந்தை இல்லை, பஸ் நிலையம் இல்லை, பள்ளிக்கூடம் இல்லை, பள்ளிக்குப் பின்னால் அவள் குடியிருந்த தெருவும் இல்லை. மற்ற தாள்களையும் பார்த்தாள், எல்லாம் அச்சில் வார்த்த மாதிரி ஒன்றுபோல இருந்தன. அவள் எல்லாவற்றுக்கும் பத்துக்குப் பத்து போட்டு, தலைமை ஆசிரியர் அறைக்குப் போய் மேஜைமேல் வைத்தாள். அவர் மூக்குக்கண்ணாடியைக் கழற்றித் துடைத்து மறுபடி மாட்டிக்கொண்டு பார்த்தார்.

"எத்தனை நாள் இருக்கும் டீச்சர்?"

"அது தெரியாது சார். பெஞ்சுங்களை முதல்ல ஏத்திடலாம்."

ஊரில் யாரும் வாதாடவில்லை. கடைக்காரர்கள் பலகையைக் கழற்றினார்கள், ஆஸ்பத்திரிக்காரர்கள் கட்டில்களை எண்ணினார்கள், ஒரு கல்யாணத்தை முன்கூட்டியே நடத்தி முடித்தார்கள். டீச்சர் வீட்டுக்கு வந்து தம்பிக்குப் போன் செய்தாள். எடுக்க மாட்டான் என்று நினைத்துக்கொண்டே செய்தாள், எடுத்துவிட்டான். அந்தப் பக்கம் ஒரு மோட்டார் ஓடுகிற சத்தம் கேட்டது.

"பிள்ளைங்க படத்துல என் தெரு இல்லடா" என்றாள்.

மோட்டார் சத்தம் நின்றது. "சின்ன வண்டி போதுமா, பெரிசு கொண்டாரணுமா?" என்று கேட்டான்.

மறுநாள் காலையில் வந்தான். நரைத்திருந்தான். பீரோவையும் புத்தகக் கட்டுகளையும் தானே ஏற்றினான், அவள் ஒரு பக்கம் பிடிக்கப் போனால் தள்ளு என்றான். மேட்டில் அவன் வீட்டை ஒட்டி, புல் சீராக வெட்டிய, வேலி போட்ட ஒரு காலி மனையில் வண்டியை நிறுத்திக் கயிற்றை அவிழ்க்க ஆரம்பித்தான்.

"இது யார் மனைடா?"

"உன்னுதுதான்" என்று சொல்லிவிட்டு, பீரோவை இறக்க ஆள் கூப்பிடப் போய்விட்டான்.

தம்பி பெண்டாட்டி தண்ணீர் கொண்டுவந்து கொடுத்தாள். லாரியில் வந்து இறங்கிய அன்றைக்கே, ஈரத்துணிகூட மாற்றாமல் குமாஸ்தாவிடம் போய், தன் வீட்டுக்கு ஒன்று, அக்கா வீட்டுக்கு ஒன்று என்று சொல்லி இரண்டு மனைக்குக் கையெழுத்துப் போட்டுவிட்டு வந்தாராம். இத்தனை நாளில் அந்த மனையில் யாரையும் ஒரு சைக்கிள் நிறுத்த விட்டதில்லையாம். "உங்க பேரையே எடுக்கக் கூடாதுன்னாரு. அப்புறம் எதுக்கு மனைன்னு கேட்டேன். கோபம் கோபம்தான், மனை மனைதான்னாரு" என்றாள். டீச்சர் டம்ளரைப் பிடித்துக்கொண்டு அங்கேயே உட்கார்ந்துவிட்டாள். அந்த வார இறுதியில் கடல் பள்ளிக்கூடம்வரை வந்தது.